சொல்லித்தராத வாத்தியார்கள்

எங்கள் வீட்டில் மெட்ராஸ் ஓவியக் கல்லூரியின் பெயர் தெரிந்திருந்ததற்கு ஒரே காரணம் நடிகர் சிவகுமார். அவர் அங்கே ஆறு வருஷம் ஓவியம் படித்தவர் என்று அப்பா ஏதோ வாரப் பத்திரிகையில் படித்திருந்தார். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் யார், சிற்பி தனபால் யார் என்பதெல்லாம் காஞ்சிபுரத்தில் இரண்டு தறி வைத்திருந்தவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "சிவகுமார் படிச்ச காலேஜா? அப்ப ஒழுக்கமான எடமாத்தான் இருக்கும்" என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு கலை நிறுவனத்தின் தரத்தை அளக்க இதைவிடச் சுருக்கமான முறையைப் பிற்பாடு எந்தத் தரக்குழுவிடமும் நான் பார்க்கவில்லை.

ஒழுக்கத்தோடு ஒரு கணக்கும் அவருக்கு இருந்தது. எங்கள் ஊரில் நெசவாளர் சேவை மையம் உண்டு. ஓவியம் படித்தவர்கள் அங்கே மேஜை போட்டு உட்கார்ந்து பட்டுக்கு டிசைன் போடுவார்கள். மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம். பெண் கிராஃப் தாளில் மயிலும் மாங்காயும் போடக் கற்றுக்கொண்டு வந்தால் ஜக்கார்டு அட்டைக்கு வெளியே காசு கொடுக்கிறது மிச்சம். 1983இல் நான் எழும்பூரில் அந்தக் கல்லூரியில் சேர்ந்தது இந்தக் கணக்கில்தான். படிப்பு முடிந்து நான் கொண்டுபோய்க் காட்டிய கேன்வாஸ்களில் மயிலும் இல்லை, மாங்காயும் இல்லை. அப்பா ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எந்தப் பக்கம்மா மேல வெச்சு மாட்டறது?" என்று மட்டும் கேட்டார். கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்டார். நியாயமான கேள்விதான். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸ் படம் ஒன்றை 1961இல் தலைகீழாக மாட்டிவிட்டு 47 நாள் யாரும் கவனிக்காமல் இருந்திருக்கிறார்கள். என் அப்பா கேட்டுவிட்டாவது மாட்டினார்.

பிழைப்புக்கு உதவுமா என்ற கவலையில் அவர் தனியாளும் இல்லை. அந்தக் கல்லூரியே அப்படியொரு கவலையில் பிறந்ததுதான். 1850இல் அதைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஓவியரல்ல, அறுவை மருத்துவர். உள்ளூர்க் கைத்தொழிலைச் சீர்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். செங்கல், ஓடு, மண்பாண்டம், செதுக்கு வேலை என்றுதான் ஆரம்பம். பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியத்தில் பாத்திரம் செய்து பார்க்கத் தொடங்கினார். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் கிளம்பியது அங்கிருந்துதான். ஆக, அந்த வளாகத்திலிருந்து வெளியே போய் மிக அதிகமான வீடுகளில் இடம்பிடித்த படைப்பு அலுமினியச் சட்டி. எங்களில் யாருடைய ஓவியமும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. "உங்கள் துறையில் பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம்?" என்று இன்றைக்கு ஒரு குழு வந்து கேட்கும்போது எனக்குச் சாட்டர்டன் ஞாபகம் வருவார். அவரிடம் பதில் இருந்தது.

சட்டியிலிருந்து கல்லூரி எப்போது தப்பித்தது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்வது 1929. அந்த வருஷம் கல்கத்தாவிலிருந்து தேவி பிரசாத் ராய் சௌத்ரி வந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றவர். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார், வங்காள மொழியில் கதை எழுதுவார். இவற்றுக்கு நடுவே இருபத்தேழு, இருபத்தெட்டு வருஷம் கல்லூரியையும் நடத்தினார். மெரினாவில் நிற்கிறதே உழைப்பாளர் சிலை, 1959 குடியரசு தினத்துக்கு முதல் நாள் திறந்தது, அது அவர் செய்தது. அதற்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் கல்லூரியின் இரவுக் காவலாளி என்ற கதை எங்கள் காலம்வரை வாய்வழியாக வந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன்களிடம் நாங்கள் காட்டிய மரியாதைக்கு அது ஒரு காரணம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கேட்டைத் திறந்துவிட வேண்டியவர்களும் அவர்கள்தான் என்பது இன்னொன்று.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957இல் பணிக்கர். தந்தி இலாகா வேலையை விட்டுவிட்டு இருபத்தைந்து வயதில் அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தவர். அங்கேயே வாத்தியார், அங்கேயே முதல்வர். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையை அவர் தொடங்கிய 1963இல் முதல்வர் நாற்காலியில்தான் இருந்தார். கணக்குப் புத்தகம் மாதிரி வரிவரியாக எழுத்து. பக்கத்தில் கட்டம், ஜாதகம், சின்னச் சின்ன உருவம். ஆனால் ஒரு எழுத்தையும் படிக்க முடியாது. பகலெல்லாம் அரசாங்கக் கோப்பு பார்க்கிற மனிதருக்குத்தான் அப்படியொரு ஓவியம் தோன்றும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. எந்த ஆய்விதழும் வெளியிடாது என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

படம் விற்காது என்பது அன்றைக்கு ஒரு புகாரே இல்லை, தட்பவெப்பம். வாத்தியார் வேலை கிடைத்தவன் தப்பித்தான். மற்றவன் சினிமா செட், பேனர், பத்திரிகைப் படம் என்று போனான். பணிக்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மாணவர்களும் இளம் ஓவியர்களுமாகச் சேர்ந்து பட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்பது, அந்தக் காசில் நிலம் வாங்குவது, அங்கே வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக வரைவது. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படித்தான் வந்தது. அப்போது அந்தப் பக்கம் சவுக்கும் மணலும்தான். பிழைக்கத் தெரியாதவர்கள் என்று ஊரார் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். இன்றைக்கு ஈ.சி.ஆர். நிலவரம் தெரிந்த யாரும் சிரிக்கமாட்டார்கள். படம் விற்கத் தெரியாதவர்கள் கடற்கரையோரம் மனை வாங்கியதை மானேஜ்மென்ட் கல்லூரிகளில் பாடமாக வைக்கலாம்.

நான் சேர்ந்தபோது இந்தப் பெரியவர்களின் காலம் முடிந்து அவர்களிடம் படித்தவர்களின் காலம் நடந்துகொண்டிருந்தது. முனுசாமி, சந்தானராஜ் என்று ஓவியர்களாகவே பெயர் வாங்கியவர்கள் அடுத்தடுத்து முதல்வர்களாக இருந்தார்கள். எனக்கு நேரடியாக வாய்த்தவர் வேறொருவர். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. தன் படத்திலேயே கையெழுத்துப் போட யோசிக்கிறவர், பத்திரிகையில் போட்டால் கோபித்துக்கொள்வார்.

சாரின் ஈசல் எங்கள் வகுப்பறைக்குள்ளேயே, வடக்கு ஜன்னலோரம் இருந்தது. காலையில் வருவார். போட்டிருக்கும் சட்டைமேல் பெயிண்ட் பட்ட பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வார். வரைய ஆரம்பித்துவிடுவார். அவருக்கு முதுகுப்பக்கம் நாங்கள், அவரவர் டாங்கி பெஞ்சில் உட்கார்ந்து போர்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு. நடுவில் மேடைமேல் மாடல்; பெரியமேடு பக்கம் எங்கோ பழைய பேப்பர் வாங்குகிற ஒரு பெரியவர், கூலிக்கு வந்து உட்கார்ந்து நல்ல வெளிச்சம் வரும் நேரம் பார்த்துத் தூங்கிவிடுவார். பதினொரு மணி சுமாருக்கு சார் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்களுக்கு நடுவே ஒரு சுற்று வருவார். ஒவ்வொருவர் பின்னாலும் நிற்பார். "ம்" என்பார். அவ்வளவுதான் பாடம்.

அந்த "ம்" ஒன்றல்ல. குட்டையாக வந்தால் 'மேலே செய்'. இழுத்து வந்தால் 'தோள்பட்டை எங்கே இருக்கிறது என்று மாடலைப் பார்'. மூக்கு வழியாக வந்தால் தாளை மாற்ற வேண்டியதுதான். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதை மூன்றாம் வருஷத்து அண்ணன்கள் ஒரு டீக்குப் பொழிப்புரை சொல்வார்கள். "நல்லாருக்கு" என்று சார் வாய்திறந்து சொல்லிவிட்டால் அந்த ஆளை நாங்கள் துக்கம் விசாரிப்போம். இனி அதில் செய்ய ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

முழு வாக்கியமாக அவர் சொல்லித்தந்த ஒரே விஷயம் வஜ்ரம் காய்ச்சுவது. ரெடிமேட் கேன்வாஸ் வாங்க யாரிடமும் காசில்லை. காடாத்துணியை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, அதன்மேல் வஜ்ரம் பூசி, பிறகு ஜிங்க் ஆக்சைடு கலந்து பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து. வஜ்ரத்தை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். மறுநாள் அந்த டின்னை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, மெல்ல மெல்ல உருக்க வேண்டும். தோல் வாடை வகுப்பைத் தாண்டி வராந்தா முழுக்க நிற்கும். சார் பக்கத்தில் வந்து குனிந்து, டின்னுக்குள் விரலை விட்டு, கட்டைவிரலோடு சேர்த்து ஒட்டிப் பார்ப்பார். "கொதிக்க விட்ராதம்மா. கொதிச்சா வஜ்ரம் செத்துடும்." இன்றைக்கும் அக்ரிலிக் பிரைமர் டப்பாவைத் திறக்கும்போது என் விரல் தானாக ஒரு தடவை ஒட்டிப் பார்க்கிறது. அந்த டப்பாவில் கொதிக்கவும் ஒன்றுமில்லை, சாகவும் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கேன்வாஸ். ஆள் உயரம் இருக்கும். மாதக்கணக்காக அதில் வேலை செய்துகொண்டிருந்தார். நாங்களும் அதோடு கூடவே வளர்ந்தோம் என்று சொல்லலாம். இடது பக்கம் ஒரு காவி நிறம், அதற்குள்ளிருந்து மங்கலாக இரண்டு உருவங்கள். அந்தக் காவியை எப்படிக் கொண்டுவந்தார் என்று நாங்கள் ரகசியமாகப் பேலட்டைப் பார்த்து ஆளாளுக்குக் கலந்து பார்த்து ஏமாந்திருக்கிறோம். ஒரு மத்தியானம் சார் பின்னால் நகர்ந்து நகர்ந்து, எங்கள் வரிசைவரை வந்து நின்று படத்தையே பார்த்தார். போனார். பேலட் நைஃபை எடுத்தார். இடது பக்கம் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, சுரண்ட ஆரம்பித்தார். அவசரமில்லை, கோபமுமில்லை. சுரண்டிய பெயிண்ட்டை ஒவ்வொரு தடவையும் பேப்பரில் வழித்தார். துணியை டர்பன்டைனில் நனைத்து மிச்சத்தையும் துடைத்தார். கீழே இருந்த வெள்ளை தெரிந்தது. வகுப்பில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை. மாடல் பெரியவரே விழித்துக்கொண்டார். சார் திரும்பி எங்களைப் பார்த்து, "யாராவது டீ சொல்லுங்கப்பா" என்றார்.

ஏன் அழித்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அந்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் தங்கள் படத்தில் எதையாவது சுரண்டினார்கள். சிலர் சுரண்டக் கூடாததையும்.

வெளியே போய் வரைவதும் அப்படித்தான், ஏற்பாடு என்று ஒன்றும் கிடையாது. பேடையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பூந்தமல்லி நெடுஞ்சாலையோடு நடந்தால் சென்ட்ரல், மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைக்காரர்கள் எங்களைக் கஸ்டமராக எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தார்கள். ஒரு பெண் நடைபாதையில் உட்கார்ந்து வரைந்தால் கூட்டம் கூடும். "போலீசுக்கா வரையற?" என்று ஒருவர் கேட்பார், "மூக்கு சரியில்ல" என்று இன்னொருவர் சொல்வார், பெரும்பாலும் சரியாகவே சொல்வார். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அந்த வளைவுகளை அவ்வளவு தடவை வரைந்திருந்ததால் எங்கள் வகுப்பில் பலருக்கு அது பார்க்காமலே கைக்கு வரும்.

இனி இப்போதைய கதை. சென்னைக்கு வெளியே, பெயர் சொல்ல வேண்டாத ஒரு தனியார் கல்லூரியில் காட்சிக்கலைத் துறையில் இருக்கிறேன். நல்ல கட்டடம். ஸ்டுடியோவில் ஏ.சி. கைகழுவும் இடத்தில் பெயிண்ட் கொட்டக் கூடாது என்று எழுதிப்போட்டிருக்கிறது. துறையில் எல்லோரும் வரைகிறவர்கள்தான். அப்படித்தான் வேலைக்கு எடுத்தார்கள். எப்போது வரைகிறீர்கள் என்று எங்களுக்குள் கேட்டுக்கொள்வதில்லை. வயசான பெண்களிடம் எடை கேட்பதைப்போல அது ஒரு அநாகரிகம்.

இளைஞர்கள் ஆசிரியர்களாக உள்ளே வருவதற்கு நெட் தேர்வு. காட்சிக்கலைக்கு அதில் 79 என்று எண். 150 கேள்வி, 3 மணி நேரம், நான்கு விடைகளில் ஒன்றைத் தொட வேண்டும். கோடு ஒன்றுகூடப் போட வேண்டியதில்லை. அஜந்தாவில் எத்தனை குகை என்று தெரிந்தவர் சுவரில் சுண்ணாம்புகூட அடித்திருக்க வேண்டாம். நியாயமாகச் சொல்வதானால், பட்டங்கள் குறைவாக இருந்தாலும் தொழிலில் சாதித்த கலைஞரை எடுத்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி.யின் 2018 விதிமுறையிலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்த வாசல் வழியாக ஒருவராவது உள்ளே நுழைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினால், "அதெல்லாம் எடுத்தா ஆடிட்ல கேப்பாங்க மேடம்" என்கிறார்கள். ராய் சௌத்ரி இன்று விண்ணப்பித்தால் குஸ்தியைக் கூடுதல் தகுதியாகச் சேர்த்தாலும் நேர்காணல்வரை வரமாட்டார்.

நான் போன வருஷம் ஒரு கண்காட்சி வைத்தேன். அதை என் வருடாந்திர அறிக்கையில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தரப் பிரிவில் இருக்கும் பையன் நல்ல பையன். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"மேடம், இதோட ஐ.எஸ்.பி.என்.?"

"கண்காட்சிப்பா. படம். சுவத்துல மாட்டறது."

"தெரியுது மேடம். இங்க கட்டம் காலியா விட்டா சேவ் ஆகாது."

படங்களின் பட்டியலை ஒரு புத்தகமாக அடித்து, அதற்கு ஐ.எஸ்.பி.என். வாங்கி, அந்த எண்ணைப் போட்டபின் சேவ் ஆனது. இப்போது என் பெயரில் ஒரு புத்தகம் இருக்கிறது. படங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கின்றன. அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. பரணில் இடம் போதாமல் புத்தகக் கட்டையும் அங்கேதான் ஏற்றியிருக்கிறேன்.

வெளியே போய் வரைவது இன்றும் பாடத்திட்டத்தில் உண்டு. அதற்குப் பெற்றோர் சம்மதக் கடிதம், கல்லூரிப் பேருந்து, முதலுதவிப் பெட்டி, பேனர். பேனர் இல்லாமல் யாரும் எங்கும் வரைந்ததாகக் கணக்கில் வராது. போய் இறங்கியதும் பேனரைப் பிடித்துக்கொண்டு அட்சரேகை தீர்க்கரேகையோடு ஒரு போட்டோ எடுக்க வேண்டும். தரக்குழு அதைத்தான் சான்றாக ஏற்கும். மாமல்லபுரத்தில் ஒரு தடவை செயலி சரியாக வேலை செய்யாமல், நாங்கள் கடலுக்குள் நின்று வரைந்ததாகப் பதிவாகிவிட்டது. மறுபடி எடுத்துச் சரிசெய்வதற்குள் வெளிச்சம் போயிற்று. அன்றைக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு பாறை வரைந்திருப்பார்கள்.

அந்தக் காலத்தைச் சர்க்கரைப் பாகில் போட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை. வாயைத் திறக்காத வாத்தியார்களால் திறந்தவர்கள் உண்டு, மூடிக்கொண்டவர்களும் உண்டு. என்னோடு சேர்ந்த விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன், அபாரமான கை. "ம்" என்பதற்கு அவனுக்குப் பொழிப்புரை சொல்ல யாரும் வாய்க்கவில்லை, அல்லது டீக்குக் காசில்லை. தன் வேலை மட்டமென்றே முடிவு கட்டிக்கொண்டு இரண்டாம் வருஷம் ஊருக்குப் போய்விட்டான். அந்தத் தலைமுறையில், எந்த ஊர்க் கல்லூரியானாலும், மௌனத்தை ஞானமென்று சொல்லிக்கொண்டு வெறுமனே சும்மா இருந்தவர்களும் இருந்தார்கள். வித்தியாசம் தெரிய மாணவனுக்கு நாலைந்து வருஷமாகும், அதற்குள் படிப்பு முடிந்துவிடும். இன்றைக்கு என் மாணவிகள் தங்கள் படத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் தங்குதடையில்லாமல் பேசுகிறார்கள். எங்களில் யாராலும் அது முடிந்ததில்லை. "ஏன் இந்த சிவப்பு?" என்று யாராவது கேட்டால் நாங்கள் செருப்பைப் பார்ப்போம். இவர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். சில சமயம் பதில் முதலில் தயாராகி, படம் அப்புறம்தான் வருகிறது. சில சமயம் வராமலும் போகிறது. அதற்கும் மதிப்பெண் போடும் வழி மதிப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. மூன்றாம் வருஷத்தில் ஒரு பெண் இரவல் ஸ்கூட்டரில் எண்ணூர் போய், சாம்பல் கலந்த கழிமுகச் சேற்றை எடுத்துவந்து, அதையே நிறமாக அரைத்து வரைகிறாள். எனக்கு அந்த வயசில் எண்ணூர் எந்தத் திசையென்றே தெரியாது.

ஆனால் இந்தப் பிள்ளைகள் யாரும் ஒரு ஓவியர் ஓவியம் வரைவதைப் பார்த்ததில்லை. யூடியூபில் பார்த்திருக்கிறார்கள், அதில் எட்டு மணி நேரம் எட்டு நிமிஷமாக ஓடும், எல்லாப் படமும் நன்றாகவே முடியும். என்னை அவர்களுக்கு லேப்டாப்போடுதான் தெரியும். அதனால் சென்ற பருவத்தில் என் ஈசலை வகுப்புக்கே கொண்டுபோவது என்று தீர்மானித்தேன்.

கேட்டில் நிறுத்தினார்கள். சொந்தப் பொருள் உள்ளே வந்தால் பதிவேட்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வெளியே எடுத்துப்போக முடியாது. எழுதினோம்: மர ஸ்டாண்ட், ஒன்று. பிறகு முதல்வர் கூப்பிட்டார். பண்பானவர், இயற்பியல்காரர். "வரையறது நல்ல விஷயம்தான் மேடம். ஆனா ஒர்க்கிங் ஹவர்ஸ்ல சொந்த வேலை பாக்கறாங்கன்னு யாராவது எழுதிப் போட்டா எனக்குச் சங்கடம். வேற பேர்ல பண்ணலாமா?" என்றார். வேறு பேர் வைத்தோம்: ஆசிரியர் செயல்விளக்க வகுப்பு, வாரத்துக்கு இரண்டு பீரியட். பேர் வைத்ததும் அதற்கு ஒரு குறிக்கோள் எழுத வேண்டியதாயிற்று. இந்த வகுப்பின் முடிவில் மாணவர் எதைச் செய்ய இயலும்? 'ஆசிரியர் எங்கே தடுமாறுகிறார் என்று அறிந்துகொள்ள இயலும்' என்று எழுதிக் கொடுத்தேன். கற்றலின் படிகளில் அறிவது கீழ்ப்படி, மேல்படி வினைச்சொல்லாகப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். 'ஆசிரியரின் தடுமாற்றத்தைப் பகுப்பாய்வு செய்ய இயலும்' என்று மாற்றினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பருவம் முழுக்க நடந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்ததால் வடக்கு வெளிச்சம் கிடையாது, டியூப்லைட்தான். முதல் சில வாரம் பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் சிலர் தங்கள் ஈசலைக் கொஞ்சம் நகர்த்தி என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். எண்ணூர்ப் பெண் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, பேலட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். படம் எனக்கு வசப்படவில்லை. பருவத்தின் கடைசியில் மேல்பாதியை வழித்தெடுத்துவிட்டேன். காரணமிருந்தது, ஆனால் சொல்லத் தோன்றவில்லை.

பருவம் முடிந்ததும் மாணவர் கருத்துப் படிவம் வந்தது. பெயரில்லாமல் நிரப்புவது. செயல்விளக்க வகுப்புக்கு ஐந்துக்கு இரண்டு. கருத்து என்ற இடத்தில் ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "மேம் எதுவும் சொல்லித் தரல. அவங்க பாட்டுக்கு வரைஞ்சிட்டே இருந்தாங்க. கடைசில பாதிய அழிச்சிட்டாங்க."

மூன்றுக்குக் கீழே போனால் எடுக்கப்பட்ட திருத்த நடவடிக்கை என்னவென்று எழுதித் தர வேண்டும். 'இனிமேல் அழிப்பதற்கு முன் காரணம் முறைப்படி அறிவிக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேதி விட்டுப்போயிருக்கிறது என்று மறுநாள் திரும்பி வந்தது.